ஆன்லைன் கேமிங் டீம் ஆரம்பிக்கணுமா? லோகோவ அப்புறம் பாத்துக்கலாம்

ராத்திரி ஒரு மணிக்கு தொடர்ந்து நாலு மேட்ச் ஜெயிச்சிருப்பீங்க, வாய்ஸ்ல யாராவது ஒருத்தர் "மச்சி, பேசாம நாம ஒரு டீம் போட்டுருவோமா"ன்னு கெளப்பி விடுவாரு, அஞ்சு நிமிஷத்துல பேர் ரெடி, அர மணி நேரத்துல லோகோ ரெடி, ஒரு மாசத்துல டீம் காலி. இப்படி காணாமப் போற டீம்கள்ல குறி பாத்து சுட வராம கலையறது ரொம்பக் கம்மிங்க. ப்ராக்டிஸ்னு சொன்ன நேரத்துக்கு மூணு பேர் வந்து உக்காந்திருப்பாங்க, ஒருத்தர் "பத்து நிமிஷம்"னு மெசேஜ் போட்டுட்டு ஒரு மணி நேரமா ஆளக் காணோம், இன்னொருத்தர் வேற யாரோடயோ ரேங்க்ட் (ரேங்க் ஏத்தற மேட்ச்) ஆடிட்டு இருப்பாரு, அவ்ளோதான், அங்கயே முடிஞ்சுது. அதனால இதுல நான் திரும்பத் திரும்ப டைம், ஆள், யாருக்கு என்ன பொறுப்புன்னுதான் பேசப் போறேன். ஹெட்ஷாட் அடிக்க சொல்லித்தர ஏகப்பட்ட வீடியோ கெடக்கு, அத அங்க பாத்துக்கங்க.

எந்த கேம், எத்தன பேர்

ஒரே ஒரு கேம் எடுங்க. "நாங்க மல்டி கேமிங் டீம்"னு ஆரம்பத்துலயே போர்டு மாட்டறதெல்லாம் வேண்டாம், ஒரு கேமுக்கே ஆள் நிக்காது. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், மொபைல் லெஜண்ட்ஸ் இதெல்லாம் அஞ்சு பேர். பப்ஜி மொபைல், ஃப்ரீ ஃபயர் நாலு பேர் ஸ்குவாட். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ராக்கெட் லீக் மூணு பேர் போதும். பாக்க சின்ன வித்தியாசமாத் தெரியும், ஆனா மூணு பேர் ஒரே நேரத்துல ஃப்ரீயா இருக்கறதுக்கும் அஞ்சு பேர் இருக்கறதுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு ஒரு தடவ ஷெட்யூல் போட்டுப் பாத்தாத் தெரிஞ்சிரும். முதல் தடவையா டீம் நடத்தறீங்க, கேம் எதுவா இருந்தாலும் ஓகேன்னா, மூணு பேர் கேம்ல ஆரம்பிக்கறது தப்பே இல்ல.

இன்னொண்ணும் யோசிச்சுக்கங்க. அஞ்சுக்கு அஞ்சு கேம்ல ப்ராக்டிஸ் பண்ண எதிர்ல ஒரே ஒரு டீம் கெடச்சாப் போதும். நெறைய டீம் ஒரே மேப்ல மோதற பேட்டில் ராயல்ல அப்படி கெடையாது, பப்ஜி மொபைல்னா பதினாறு ஸ்குவாட், ஃப்ரீ ஃபயர்னா பன்னெண்டு ஸ்குவாட் சேந்த கஸ்டம் ரூம் (தனியா செட் பண்ற மேட்ச்) வேணும், அத நீங்களே தெரட்ட முடியாது, ரெகுலரா ரூம் நடத்தற ஆளுங்களோட ஸ்லாட்டுக்கு ஏத்த மாதிரிதான் உங்க டைம அமைச்சுக்கணும். அதுல ஒரு நல்லதும் இருக்கு, டைம் அவங்க ஃபிக்ஸ் பண்ணிடுவாங்க, உங்க டீமுக்குள்ள பஞ்சாயத்து இல்ல.

கேம் கம்பெனி ரூல மாத்தினா உங்க டீமும் சேந்து மாறும்ங்கறதையும் மனசுல வெச்சுக்கங்க. ஓவர்வாட்ச் 2016ல வந்தப்ப ஒரு பக்கம் ஆறு பேர், 2022ல ஓவர்வாட்ச் 2ன்னு அஞ்சு பேராக்கி ரெண்டு டேங்க்ல (முன்னாடி நின்னு அடி வாங்கற ரோல்) ஒண்ண எடுத்துட்டாங்க, வருஷக்கணக்கா ஜோடியா ஆடின டேங்க் ப்ளேயர்ஸ்ல ஒருத்தருக்கு எடமே இல்லாமப் போச்சு.

ஆள் எடுக்கறது

இங்கதான் நெறைய பேர் ரேங்க மட்டும் பாத்து ஏமாந்து போறாங்க. தனியா ரேங்க்ட்ல மேல ஏறின ஆளு, தனக்கு என்ன தேவையோ அத மத்தவங்ககிட்ட கேக்காம தானே பண்ணிப் பழகினவரு, டீம்ல அது பாதி நேரம் உதவாது. ஆள் தேடும்போது போடற மெசேஜ்ல முதல் வரியிலயே நாள், நேரம் போட்டுருங்க. இப்படி ஒண்ணு போதும்:

"வேலரன்ட் டீமுக்கு கன்ட்ரோலர் (ஸ்மோக் போடற ரோல்) ஒருத்தர் வேணும். செவ்வாய், வியாழன், ஞாயிறு ராத்திரி 9 டு 11, இந்த மூணு நாளும் கண்டிப்பா வர முடியறவங்க மட்டும். பிளாட்டினம், டைமண்ட் ரேங்க் போதும். மைக் வேணும், நல்ல பிங் (நெட் லேக் கம்மியா) வேணும். இப்போதைக்கு காசு கெடையாது, சின்ன டோர்னமென்ட்ல ஆடி கத்துக்கறதுதான் நோக்கம். ட்ரையல் ஒரு வாரம்."

"சீரியஸ் ப்ளேயர்ஸ் ஒன்லி"ன்னு மட்டும் போட்டீங்கன்னா எல்லாருமே சீரியஸ்னுதான் சொல்லிட்டு வருவாங்க. மூணு நாளு, ரெண்டு மணி நேரம்னு போட்டா முடியாதவங்க தானா ஒதுங்கிருவாங்க, உங்களுக்கு வேல மிச்சம். நோக்கம் என்னன்னும் தெளிவா சொல்லிருங்க, ஏன்னா ஒருத்தர் ப்ரோ ஆகணும்னு வந்திருப்பாரு, இன்னொருத்தர் வேல முடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் ஜாலியா போட்டி ஆடலாம்னு வந்திருப்பாரு, ரெண்டும் நியாயம்தான், ஆனா ஒரே டீம்ல போட்டா மூணாவது வாரம் சண்ட.

ட்ரையல்ல ஒரே மேட்ச் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஒரு வாரத்துல மூணு நாலு ஸ்க்ரிம் (வேற டீமோட ப்ராக்டிஸ் மேட்ச்) ஆட விடுங்க, அதுல ஒண்ணாவது உங்கள விட நல்ல டீமோட இருக்கட்டும், ஏன்னா நீங்க பாக்க வேண்டியது அவர் தோக்கும்போது எப்படி இருக்காருங்கறதுதான். ஸ்கோர் 2-9ல இருக்கும்போது அவர் மைக்க கவனிங்க. சுத்தமா சத்தமே இல்லாமப் போயிட்டாரா, இல்ல "ஏன்டா யாருமே டிரேட் (நம்மாள அடிச்சவன திருப்பி அடிக்கறது) பண்ண மாட்டேங்கறீங்க"ன்னு ஆரம்பிச்சுட்டாரா, இல்ல செத்த ஒடனே "பி ஷார்ட் (மேப்ல ஒரு எடம்) ஒருத்தன், நாப்பது ஹெல்த்தான் இருக்கான்"னு சொல்லிட்டு அடுத்த ரவுண்டுக்கு கேமுக்குள்ள காசு எவ்ளோ இருக்குன்னு பாக்கறாரா. மூணாவது டைப் ஆளு ரெண்டு ரேங்க் கீழ இருந்தாலும் எடுத்துப் போட்டுக்கங்க.

அஞ்சு பேர் டீமுன்னா ஆறாவது ஆள் கண்டிப்பா வேணும், ஏழாவது இருந்தா நல்லது. வேலரன்ட்ல 2023ல வந்த, டீமா சேந்து போட்டி ஆடற ப்ரீமியர் மோடுலயே ஒரு டீம்ல ஏழு பேர் வரைக்கும் சேக்கலாம். ஆனா சப்ஸ்டிட்யூட்னு ஒருத்தர எடுத்து பெஞ்ச்லயே உக்கார வெச்சா ரெண்டு வாரத்துல போயிருவாரு. வாரத்துல ஒரு ப்ராக்டிஸாவது அவரையும் ஆட வெக்கணும்.

யாருக்கு என்ன ரோல்

வேலரன்ட்ல டூயலிஸ்ட் (முன்னாடி போயி சண்ட போடறவர்), இனிஷியேட்டர் (உள்ள போக வழி பண்ணித் தர்றவர்), கன்ட்ரோலர் (ஸ்மோக் போட்டு பார்வைய மறைக்கறவர்), சென்டினல் (எடத்த காக்கறவர்)னு நாலு வகை. டோட்டால பொசிஷன் ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும். கவுன்டர் ஸ்ட்ரைக்ல என்ட்ரி (முதல்ல உள்ள போறவர்), சப்போர்ட், லர்க்கர் (தனியா பதுங்கிப் போறவர்), ஆவ்ப்ங்கற ஸ்னைப்பர் துப்பாக்கி அடிக்கறவர், ஐஜிஎல் (இன் கேம் லீடர்). எந்த கேமா இருந்தாலும் எல்லாருக்கும் முன்னாடி போயி கில் எடுக்கற ரோல்தான் வேணும், ஸ்மோக் போடறதுக்கு ஆளே இருக்காது. அதனால ஒவ்வொருத்தருக்கும் மெயின் ரோல் ஒண்ணு, அவசரத்துக்கு ஆடற ரோல் ஒண்ணுன்னு எழுதி வெச்சுருங்க, பேட்ச் (கேம் அப்டேட்) வரும்போது கேரக்டர் மாறலாம், ரோல் மாறக் கூடாது. அதையும் வாரா வாரம் மாத்திட்டே இருந்தா யாரும் எதுலயும் தேற மாட்டாங்க.

ஐஜிஎல்ங்கறவர் மேட்ச்சுக்குள்ள கால் பண்றவர், அதாவது அடுத்து என்ன பண்ணணும்னு சொல்றவர். நல்லா சுடறவரத் தூக்கி ஐஜிஎல் ஆக்கறது வழக்கம், ஆனா கால் பண்ண ஆரம்பிச்சா பாதி மூளை அதுக்கே போயிரும், அவரோட சுடறதும் கொறையும், உங்களுக்கு ரெண்டு பக்கமும் நஷ்டம். மினிமேப் பாத்துட்டே பேச முடியற ஆளு, தன்னோட கால் தப்பாப் போனா அடுத்த ரவுண்டு கொரல் மாறாத ஆளு, அவர்தான் சரி. மத்தவங்களுக்கு ஒரே ரூல், கால் தப்புன்னு பட்டாலும் அந்த ரவுண்டு முழுசா அத ஃபாலோ பண்ணுங்க, அஞ்சு பேரும் சேந்து சுமாரான ப்ளான ஆடறது மூணு பேர் ஏ சைட், ரெண்டு பேர் பி சைட்னு (சைட்னா மேப்ல குண்டு வெக்கற எடம்) பிரிஞ்சு ஆடறத விட எவ்வளவோ தேவல.

கேப்டன், ஐஜிஎல், மேனேஜர் மூணும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்ல, இருக்கவே கூடாதுன்னு கூட சொல்வேன். ஸ்க்ரிம் தேடறது, டோர்னமென்ட்ல ரெஜிஸ்டர் பண்றது, யார் வருவாங்க வரமாட்டாங்கன்னு கேட்டு துரத்தறது எல்லாம் தனி வேல. ஆடாத ஒரு ஃப்ரெண்ட், கேம் பாக்க புடிக்கும் ஆனா அவ்ளோ நல்லா ஆட வராதுன்னு ஒருத்தர் எல்லா குரூப்லயும் இருப்பாரு, அவர மேனேஜர் ஆக்குங்க.

எழுதி வெக்க வேண்டியது

ஃப்ரெண்ட்ஸ்தானேன்னு வாய்ல பேசி விட்டுடாதீங்க, ஒரு பக்கம் எழுதி எல்லாரும் படிக்கற எடத்துல பின் பண்ணுங்க. வர முடியலன்னா எவ்ளோ நேரம் முன்னாடி சொல்லணும், சொல்லாம மூணு தடவ மட்டம் போட்டா என்ன, வேற டீமுக்கு ஆடலாமா, ப்ரைஸ் மணி வந்தா எப்படி பங்கு, ஆறாவது ஆளுக்கும் மேனேஜருக்கும் பங்கு உண்டா. காசு வர்றதுக்கு முன்னாடி பங்கு பத்தி பேசினா அஞ்சு நிமிஷத்துல முடியும், வந்தப்புறம் பேசினா டீமே முடியும்.

சீட்டிங் விஷயத்துல மட்டும் ரெண்டாவது சான்ஸே கெடையாதுன்னு தெளிவா எழுதுங்க. 2018ல ஷாங்காய்ல நடந்த ஒரு கவுன்டர் ஸ்ட்ரைக் லேன் டோர்னமென்ட்ல (எல்லாரும் ஒரே எடத்துக்கு வந்து ஆடறது) ஒரு ப்ளேயர் மேட்ச் நடுவுலயே, குறி பாக்க உதவற எய்ம் ஹேக்கோட மாட்டினாரு, அந்த ஃபைலுக்கு அவர் வெச்சிருந்த பேரு வேர்ட் டாட் இஎக்ஸ்இ. மாட்டினது ஒருத்தர், ஆனா டீமையே டிஸ்குவாலிஃபை பண்ணி அனுப்பிட்டாங்க, அவங்கள எடுத்திருந்த ஆர்கனைசேஷனும் மொத்த ரோஸ்டரையும் (ப்ளேயர் லிஸ்ட்) கழட்டி விட்டுருச்சு. மத்த நாலு பேரும் அத்தன நாள் ஒழைச்சதெல்லாம் அதோட போச்சு. மேட்ச் ஃபிக்ஸிங்கும் இதே கதைதான், 2014ல ஐபைபவர் டீம் வேணும்னே ஒரு மேட்ச் தோத்தது ஸ்கின் (கேம்ல துப்பாக்கி டிசைன்) வெச்சு கட்டற பெட்டிங்குக்காகன்னு தெரிய வந்து, 2015 ஜனவரில கேம் கம்பெனி வால்வ் அந்த டீம்ல நாலு ப்ளேயர்ஸ தன்னோட டோர்னமென்ட்கள்லருந்து பேன் பண்ணிடுச்சு. அக்கவுன்ட் மாத்தி ஆடறது, "இன்னிக்கு மட்டும் என் ஐடில அவன் ஆடட்டும்"னு விடறது, இதையும் அதே லிஸ்ட்ல சேருங்க, நெறைய பேருக்கு இது தப்புன்னே தோணாது, ரூல் புக்ல இதுக்கு டிஸ்குவாலிஃபை இருக்கும்.

வயசையும் ஆரம்பத்துலயே கேட்டுருங்க. பல டோர்னமென்ட்ல 16, சிலதுல 18னு லிமிட் இருக்கும், சின்னப் பசங்க இருந்தா வீட்ல பெரியவங்களுக்குத் தெரிஞ்சு ஆடணும், ப்ராக்டிஸ் டைமும் அவங்க தூங்கற நேரத்த தாண்டாம இருக்கணும்.

டிஸ்கார்ட் செட்டப்

டிஸ்கார்ட்ங்கறது குரூப்பா பேசவும் மெசேஜ் போடவும் ஒரு ஆப், இதுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். அறிவிப்புக்கு ஒரு சேனல், ஷெட்யூலுக்கு ஒண்ணு, ஸ்ட்ராட் (ஆட்ட ப்ளான்) போட ஒண்ணு, ரெக்கார்டிங் லிங்க் போட ஒண்ணு, அரட்டைக்கு ஒண்ணு, வாய்ஸ் ரெண்டு, போதும். இருவது சேனல் வெச்சா எதுலயும் எதுவும் இருக்காது. ஸ்ட்ராட் சேனல டீம் ப்ளேயர்ஸுக்கு மட்டும் தெரியற மாதிரி லாக் பண்ணுங்க, ட்ரையலுக்கு வந்தவர் அடுத்த வாரம் எதிர் டீம்ல இருக்கலாம். வேற வேற டைம் ஸோன்ல ஆள் இருந்தா டிஸ்கார்டோட டைம்ஸ்டாம்ப் போடுங்க, அவங்கவங்க லோக்கல் டைம்ல காட்டிரும், "உங்க ஒம்பதா என் ஒம்பதா"ங்கற கேள்வியே வராது. ஞாயித்துக்கெழம ஒரு போல் போட்டு அடுத்த வாரம் யாருக்கு எந்த நாள் முடியும்னு டிக் பண்ணச் சொல்லுங்க, டிக் பண்ணாதவர் வரலன்னுதான் அர்த்தம்னு முன்னாடியே சொல்லிருங்க.

டிஸ்கார்ட் சர்வர் (உங்க குரூப்) ஓனர், டீம் மெயில், டோர்னமென்ட் சைட் அக்கவுன்ட் இதெல்லாம் ரெண்டு பேர் கையிலயாவது இருக்கட்டும், டூ ஃபேக்டர் போட்டு வெய்ங்க. கோவிச்சுட்டு போற ஆளு கையில சர்வர் இருந்தா மொத்தமும் அவரோட போயிரும்.

ப்ராக்டிஸ்

வாரத்துக்கு மூணு நாள், ரெண்டு ரெண்டு மணி நேரம், அது நடந்தாலே பெரிய விஷயம். தெனமும் அஞ்சு மணி நேரம்னு ப்ளான் போடறவங்க முதல் வாரத்தத் தாண்ட மாட்டாங்க. வார்ம் அப் எல்லாம் அவங்கவங்க தனியா முடிச்சுட்டு வரணும், ஒம்பது மணின்னா ஒம்பதுக்கு ஸ்க்ரிம் ஸ்டார்ட்.

ஸ்க்ரிம்னா வேற டீமோட போடற ப்ராக்டிஸ் மேட்ச். தேடும்போது ரேங்க், மேப், சர்வர், நேரம் நாலும் போட்டு மெசேஜ் விடுங்க. ஸ்க்ரிம்ல கொஞ்சம் நாகரிகம் வேணும், நடுவுல தோக்கறோம்னு எழுந்து போகக் கூடாது, அவங்க ஸ்ட்ராட்ட ரெக்கார்ட் பண்ணி வெளிய போடக் கூடாது, எதிர் டீமும் பாக்கற ஆல் சாட்ல வம்பு வேண்டாம், கேன்சல் பண்ணணும்னா முன்கூட்டியே சொல்லணும். இந்த வட்டாரம் ரொம்ப சின்னது, ரெண்டு தடவ ஓடிப் போன டீமுக்கு மூணாவது தடவ யாரும் ஸ்க்ரிம் தர மாட்டாங்க. பதிமூணு ரவுண்டு எடுத்தா வின்ங்கற கேம்லயும் ஸ்க்ரிம்ல இருவத்தி நாலு ரவுண்டும் முழுசா ஆடிக்கலாம்னு பேசிக்கறது உண்டு, ரெண்டு பக்கமும் சமமா பன்னெண்டு பன்னெண்டு ரவுண்டு ப்ராக்டிஸ் கெடைக்கும். ஸ்கோர எங்கயும் போட்டு பெருமையடிக்காதீங்க, ஸ்க்ரிம்ல ஜெயிச்சதுக்கு கப் கெடையாது.

ஒரு ஸ்க்ரிமுக்கு ஒரு விஷயம் மட்டும் எடுத்துக்கங்க, "இன்னிக்கு ஏ சைட் எக்ஸிக்யூட் (ப்ளான் போட்டு சேந்து உள்ள போறது) மட்டும் பாக்கறோம்"னு. அப்புறம் அத உக்காந்து பாருங்க. கவுன்டர் ஸ்ட்ரைக்ல டெமோ ஃபைல் (மேட்ச் பதிவு) இருக்கு, டோட்டால ரீப்ளே கேமுக்குள்ளயே இருக்கு, இருந்தாலும் ஒருத்தராவது ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ற ஓபிஎஸ் சாஃப்ட்வேர்ல வாய்ஸோட ரெக்கார்ட் பண்ணணும், அது ஃப்ரீதான். வாய்ஸ் இல்லாம பாத்தா பாதி விஷயம் தெரியாது. எடுத்துக்காட்டா, வேலரன்ட்ல ஏ சைட்டுக்குள்ள போகணும், ஓமன்ங்கற கேரக்டர் ஸ்மோக் போட்டாச்சு, கண்ணு தெரியாமப் பண்ற ஃப்ளாஷும் போட்டாச்சு, ஆனா டூயலிஸ்ட் உள்ள போகல, சைட்ட எடுக்க முடியாம ரவுண்டு போச்சு. ஆடும்போது எல்லாரும் டூயலிஸ்டதான் திட்டுவாங்க, "ஏன்டா நின்னுட்டு இருந்த"ன்னு. ரெக்கார்டிங்க நிறுத்தி நிறுத்திப் பாத்தா, ஃப்ளாஷ் வெடிச்சப்புறம்தான் "ஃப்ளாஷ் போட்டேன்"ங்கற சத்தமே வருது. அதுக்கு முன்னாடி எட்டு செகண்ட் எல்லாரும் சும்மா நின்னுட்டு இருக்காங்க. ஓமன் ஸ்மோக் நிக்கறதே பதினஞ்சு செகண்டுதான், அதுல பாதி அங்கயே போயிருச்சு. டூயலிஸ்ட் மேல தப்பே இல்ல, ஸ்மோக் விழுந்த ஒடனே ஃப்ளாஷ் போடறவர் "மூணு, ரெண்டு, ஒண்ணு"ன்னு எண்ணிட்டு போடணும், அவ்ளோதான் ஃபிக்ஸ். ஒரு ரிவ்யூல இந்த மாதிரி மூணு ரவுண்டு பாத்தாப் போதும், மொத்த மேட்ச்சையும் ஓட்டிப் பாத்தா பாதி பேர் தூங்கிருவாங்க.

பேசறதுக்கும் ப்ராக்டிஸ் வேணும். "டேய் அங்கடா, அங்க, அங்கதான்டா இருக்கான்" இதுல ஒண்ணுமே இல்ல. "ஏ மெயின் ரெண்டு பேர், ஜெட்டுக்கு (ஒரு கேரக்டர்) எண்பது அடிச்சாச்சு", எடம், எத்தன பேர், எவ்ளோ டேமேஜ், முடிஞ்சுது. மேப்ல ஒவ்வொரு மூலைக்கும் எல்லாரும் ஒரே பேர் சொல்லணும், ஒருத்தர் ஹெவன்னு சொல்லி இன்னொருத்தர் மேலன்னு சொன்னா அந்த ஒரு செகண்ட்ல ஆள் செத்துருப்பாரு. செத்தவங்க தகவல் சொல்லிட்டு வாய மூடிக்கணும், கடைசி ஆள் தனியா நின்னு ஆடிட்டு இருக்கும்போது நாலு பேர் நாலு ஐடியா சொன்னா அவருக்கு எதிராளி காலடி சத்தம் எப்படி கேக்கும்.

டோர்னமென்ட்

சின்ன ஓபன் டோர்னமென்ட்ல ஆரம்பிங்க. சிங்கிள் எலிமினேஷன்ல ஒரு தோல்வியோட வீட்டுக்கு போயிருவீங்க, அதனால புது டீமுக்கு டபுள் எலிமினேஷன் (ரெண்டு தடவ தோத்தாதான் வெளிய), ஸ்விஸ் (அதே மாதிரி ஸ்கோர் இருக்கற டீமோட அடுத்த மேட்ச்), லீக் மாதிரி ஒரு மேட்ச்சுக்கு மேல கண்டிப்பா கெடைக்கறதா பாருங்க. ரூல் புக்க மேனேஜர் முழுசா படிக்கணும், முக்கியமா ரோஸ்டர் லாக் எப்போ, செக் இன் (ஆட ரெடின்னு பதிவு பண்றது) எத்தன மணிக்கு மூடுது, சப்ஸ்டிட்யூட் விடலாமா, ரிசல்ட் ஸ்க்ரீன்ஷாட் யார் எடுத்து அனுப்பணும். ஆடாமலே வெளிய போன டீம்கள்ல முக்காவாசி செக் இன்ன விட்டதுதான்.

மேப் இருக்கற கேமுன்னா வீட்டோக்கு (எந்த மேப்ல ஆடறதுன்னு முடிவு பண்றது) ரெடியா போங்க. ஏழு மேப் இருக்கற பெஸ்ட் ஆஃப் த்ரீல பொதுவா ஆளுக்கு ஒண்ணு பேன், ஆளுக்கு ஒண்ணு பிக், திரும்ப ஆளுக்கு ஒண்ணு பேன், மிச்சம் இருக்கறது மூணாவது மேப். அப்போ ஏழையும் கத்துக்கத் தேவையில்ல. எப்பவும் பேன் பண்ற மேப் ஒண்ணு ஃபிக்ஸ் பண்ணுங்க, ரொம்ப நல்லா ஆடற மேப் ரெண்டு, சமாளிக்கற மேப் ரெண்டு, இது போதும்.

மேட்ச் அன்னிக்கு அர மணி நேரம் முன்னாடியே எல்லாரும் வாய்ஸ்ல இருக்கணும். கேம் அப்டேட் வந்திருக்கான்னு காலையிலயே ஓப்பன் பண்ணிப் பாருங்க, பத்து ஜிபி அப்டேட் மேட்ச்சுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் கண்ணுல படும். பிசின்னா வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்க, பிங் நம்பர் நல்லாத் தெரிஞ்சாலும் பாக்கெட் லாஸ் (நடுவுல டேட்டா தொலையறது) இருந்தா ஆட முடியாது. மொபைல்னா நோட்டிஃபிகேஷன், கால் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு உக்காருங்க.

சண்டையும் பிரிவும்

தோத்த ஒடனே மீட்டிங் போடாதீங்க. அந்த நேரத்துல வாய்ல வர்றது எதுவும் உருப்படியா இருக்காது, "நாளைக்கு ஒம்பதுக்கு ரெக்கார்டிங் பாக்கலாம்"னு சொல்லிட்டு எல்லாரையும் அனுப்பிருங்க. ஒருத்தர டீம விட்டு அனுப்பணும்னா கேப்டன் தனியா வாய்ஸ்ல கூப்பிட்டு காரணத்தோட சொல்லணும், குரூப்லருந்து சத்தமில்லாம ரிமூவ் பண்றது அசிங்கம், அவரு நாளைக்கு எங்கயும் உங்கள பத்தி நல்லது பேச மாட்டாரு.

ஆள் போறதும் எல்லாம் முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. டோட்டா 2ல ஓஜி டீம்லருந்து 2018 தி இன்டர்நேஷனலுக்கு (டோட்டா 2 உலக சாம்பியன்ஷிப்) சில மாசம் முன்னாடி முக்கியமான ஆளுங்க கெளம்பிட்டாங்க, கோச்சா இருந்தவர் திரும்ப ப்ளேயரா எறங்கினாரு, ஓபன் குவாலிஃபையர் வழியா வந்து கப்பே அடிச்சாங்க, 2019லயும் அதே அஞ்சு பேர் திரும்ப அடிச்சாங்க. உங்களுக்கும் அப்படி நடக்கும்னு சொல்லல, ஆனா போன ஆள நெனச்சு புலம்பறத விட ஆறாவது ஆள ஏற்கனவே ஆட வெச்சிருந்தீங்கன்னா அடுத்த ஸ்க்ரிம் கேன்சல் ஆகாது.

கடைசியா ஸ்பான்சர், ஆர்கனைசேஷன் பத்தி. ஆரம்பத்துல அதுக்கு அலையவே அலையாதீங்க, ரிசல்ட் இல்லாத டீமுக்கு வர்ற ஆஃபர்ல நெறைய, அவங்க பேர மாட்டிக்கிட்டு நீங்க ஃப்ரீயா விளம்பரம் பண்றதுதான். உங்ககிட்டயே ஜாயினிங் ஃபீஸ், ஜெர்சி காசுன்னு கேட்டா அங்கயே பிளாக் பண்ணிருங்க. நெஜமாவே கான்ட்ராக்ட் வந்தா எவ்ளோ மாசம், ப்ரைஸ் மணில அவங்க பங்கு எவ்ளோ, நடுவுல வெளிய வரணும்னா பைஅவுட் (விடுவிக்க கட்ட வேண்டிய காசு) எவ்ளோ, டீம் பேர் யாருக்கு சொந்தம்னு நாலு எடத்தையும் படிச்சுப் பாருங்க, புரியலன்னா "ரெண்டு நாள் டைம் குடுங்க"ன்னு கேட்டு வெவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டிட்டு சைன் பண்ணுங்க. ரெண்டு நாள் கூட தர மாட்டேன்னா அவங்ககிட்ட சைன் பண்ணவே வேண்டாம்.